கையில் 170, காலில் 110: பெரியவர்களுக்கான பெருந்தமனிக் குறுக்க அறுவை

குமரி மாவட்டத்தில் ஓர் இளைஞனின் பிரஷரை முதன்முதலாகப் பார்ப்பது பெரும்பாலும் நோய்க்காக அல்ல. வளைகுடா வேலைக்கு 'மெடிக்கல்' எடுக்கப் போவான், அல்லது ராணுவத் தேர்வுக்குப் போவான். பெண்ணாக இருந்தால் முதல் கர்ப்பத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பார்கள். 24, 25 வயது, ஒல்லி உடம்பு, கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் கருவி 170/90 காட்டும். "பயப்படாத மக்ளே, கொஞ்ச நேரம் இருந்துட்டு வா" என்று உட்கார வைத்து மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் அதேதான். ஒரு மாத்திரை எழுதித் தருவார்கள். பத்து நாளில் 150-க்கு இறங்கியதும் எல்லோருக்கும் நிம்மதி.

இந்தக் கதையில் பலருக்கு அந்த மாத்திரையே போதும். சிலருக்கு மட்டும் கோளாறு வேறு இடத்தில் இருக்கும், பிறந்த நாளிலிருந்தே. இதயத்திலிருந்து உடம்பு முழுக்க ரத்தத்தைக் கொண்டுபோகும் பெருந்தமனி, மார்புக்குள் ஓரிடத்தில் இடுக்கிப் பிடித்த மாதிரி ஒடுங்கியிருக்கும். மருத்துவர்கள் இதை கோஆர்க்டேஷன் என்பார்கள். தமிழில் பெருந்தமனிக் குறுக்கம். பிறவி இதயக் கோளாறுகளில் 100-க்கு 5 முதல் 8 வரை இந்த வகை. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். பெண்களில், டர்னர் நோய்க்குறி என்ற குரோமோசோம் குறைபாடு உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படும்.

பெருந்தமனி இதயத்திலிருந்து மேலே எழும்பி, வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. வளைவின் உச்சியிலிருந்து தலைக்கும் இரு கைகளுக்கும் கிளைகள் பிரிகின்றன. இடது கைக்குப் போகும் கடைசிக் கிளையைத் தாண்டியதும் குறுக்கம் வரும். கருவில் இருக்கும்போது நுரையீரலைத் தவிர்த்து ரத்தத்தைத் திருப்பிவிடும் ஒரு சிறு குழாய் வந்து சேரும் இடமும் அதுதான். பிறந்த பிறகு அந்தக் குழாய் சுருங்கி மூடும்போது, கடுமையான குறுக்கம் உள்ள குழந்தைக்கு முதல் ஓரிரு வாரங்களிலேயே உயிருக்கு ஆபத்து வரும். அதனால் அப்போதே தெரிந்துவிடும். நடுத்தரமான குறுக்கம்தான் ஏமாற்றுகிறது. குழந்தை வளரும், பள்ளிக்கூடம் போகும், பந்து விளையாடும். குறுக்கத்துக்கு மேலே தலையும் கைகளும் அதிக அழுத்தத்தில் இருக்க, கீழே வயிறும் கால்களும் குறைந்த அழுத்தத்தில் காலம் தள்ளும்.

அது எப்படி முடிகிறது? தோவாளைச் சானலில் ஓரிடத்தில் மண் சரிந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் சும்மா நிற்பதில்லை. பக்கத்து ஓடைகளில் ஏறி, வயல் வழியே சுற்றிக்கொண்டு, அடைப்புக்குக் கீழே மறுபடி சானலில் வந்து விழும். உடம்பும் அதைத்தான் செய்கிறது. தோள்பட்டையைச் சுற்றியும், நெஞ்செலும்புக்குப் பின்னாலும், விலா எலும்புகளுக்கு இடையிலும் ஓடும் மெல்லிய தமனிகள் ஆண்டுக்கணக்கில் பருத்து மாற்றுவழி ஆகின்றன. பருத்து நெளியும் இந்தத் தமனிகள் விலா எலும்பின் கீழ் விளிம்பை அரித்து அரித்துப் பள்ளம் உண்டாக்கும். மூன்றாவது விலாவிலிருந்து எட்டாவது விலா வரை, எலி கொறித்த மாதிரி, சாதாரண மார்பு எக்ஸ்ரேயிலேயே அது தெரியும். காசநோய் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வெளிநாட்டு மெடிக்கலில் அந்த எக்ஸ்ரே எடுக்கிறார்கள். நுரையீரலைத் தேடும் கண்ணுக்கு விலாவின் விளிம்பு தப்பிவிடுவதில் ஆச்சரியமில்லை. பிரஷர் 170, விலாவில் பள்ளம் என்று இரண்டு தடயங்களும் ஒரே ஃபைலில், ஒரே நாளில் இருந்தும் ஆள் 'அன்ஃபிட்' என்று மட்டும் திரும்பி வருவது சாத்தியம்தான்.

பிரஷர் ஏறுவதற்குக் குறுக்கம் மட்டும் காரணமல்ல. சிறுநீரகங்கள் குறுக்கத்துக்குக் கீழே இருக்கின்றன. அவற்றுக்கு வரும் ரத்தத்தின் அழுத்தம் குறைவு. உடம்பு முழுக்கவே அழுத்தம் குறைந்துவிட்டது என்று அவை தப்புக் கணக்குப் போட்டு, ரெனின் என்ற பொருளை விட்டு அழுத்தத்தை மேலும் ஏற்றுகின்றன. மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் உள்ள சிக்கலும் இதுதான். கையில் காட்டும் எண்ணை 120-க்குக் கொண்டுவந்தால், ஏற்கெனவே குறைவாக வாங்கிக்கொண்டிருக்கும் கீழ்ப்பாதிக்கு இன்னும் குறையும்.

அறிகுறிகள் எல்லாம் எங்கும் கேள்விப்படுகிறவைதான். அடிக்கடி தலைவலி, மூக்கில் ரத்தம், பாதம் சில்லிட்டுப் போவது, ஏற்றம் ஏறினால் கெண்டைக்காலில் பிடிப்பு. குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கு மேட்டில் கால் கடுத்தால் யார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? சிலருக்குத் தோளும் மார்பும் நல்ல வளர்ச்சியாக இருக்க, கால்கள் மட்டும் மெலிந்து தெரியும். பெரும்பாலானவர்களுக்கு எதுவுமே இருக்காது.

கண்டுபிடிப்பதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம் என்பதுதான் இந்த நோயின் விசேஷம். மருத்துவர் ஒரு கையின் விரல்களை நோயாளியின் வலது மணிக்கட்டிலும், மறு கை விரல்களைத் தொடை மடிப்பிலும் ஒரே நேரத்தில் வைக்கிறார். நல்ல உடம்பில் இரண்டு துடிப்பும் சேர்ந்தே வரும். குறுக்கம் இருந்தால் தொடையில் துடிப்பு மெலிந்து, ஒரு இம்மி பிந்தி வரும். சிலரிடம் கைக்கே அகப்படாது. அப்புறம் படுக்க வைத்து காலில் பிரஷர் பார்க்க வேண்டும். சாதாரணமாகக் காலில் மேல் எண் கையைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். அது தலைகீழாகி, கையில் 20-க்கு மேல் கூடுதலாக இருந்தால் அடுத்த சோதனைக்கு அனுப்பியாக வேண்டும். வலது கையில்தான் பார்க்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. சிலருக்குக் குறுக்கம் இடது கைக் கிளையின் வாயையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அவர்களுக்கு இடது கை பொய் சொல்லும். முதுகில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே ஸ்டெத்தை வைத்தால் முணுமுணுப்புச் சத்தம் கேட்கலாம்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அது சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களை மனதில் வைத்து அமைந்தது; கையில் பார்ப்பதோடு முடிந்துவிடும். எல்லோருக்கும் காலில் பார்க்கச் சொல்வது நடக்காத காரியம், தேவையும் இல்லை. 40 வயதுக்குக் கீழே பிரஷர் உள்ளவர்களுக்கு, முதல் மாத்திரை எழுதும் நாளில் ஒரே ஒரு முறை பார்த்தால் போதும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாததற்கு நேரமின்மையைக் காரணமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

எக்கோ எடுத்தாயிற்று, நார்மல் என்று சொல்கிறவர்களும் உண்டு. எக்கோவில் இந்தக் குறுக்கத்தைப் பார்க்க, கழுத்துக் குழியில் கருவியை வைத்து வளைவைத் தேட வேண்டும். இதயத்தின் அறைகளையும் வால்வுகளையும் மட்டும் பார்த்து முடித்தால் தப்பிவிடும். எனவே என்ன சந்தேகத்துக்காக எக்கோ என்பது சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சந்தேகம் உறுதிப்பட்டால் சி.டி. ஆஞ்சியோ அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். குறுக்கம் எங்கே, எத்தனை மில்லிமீட்டர், மாற்றுவழித் தமனிகள் எப்படி ஓடுகின்றன என்பதெல்லாம் அதில் வரைபடம் போலக் கிடைக்கும்.

நம் நாட்டில் இன்னொன்றையும் விலக்கிப் பார்க்க வேண்டும். டகாயாசு என்ற தமனி அழற்சி, குறிப்பாக இளம்பெண்களிடம், ஏறக்குறைய இதே படத்தைக் காட்டும். அது பிறவிக் கோளாறு அல்ல. ரத்தக் குழாயின் சுவர் வீங்கித் தடிப்பதால் வருவது. அழற்சி தணியாமல் கத்தி வைத்தால் தையல் போட்ட இடம் மறுபடி சுருங்கும். அதனால்தான் அறுவைக்கு முன் ரத்தப் பரிசோதனைகளில் அத்தனை கவனம்.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. அறுவை பரவலாவதற்கு முந்தைய காலத்து நோயாளிகளைத் தொகுத்து 1970-இல் பிரிட்டிஷ் மருத்துவர் மாரிஸ் கேம்ப்பெல் வெளியிட்டது. குழந்தைப் பருவத்தைத் தாண்டியவர்களின் சராசரி ஆயுள் சுமார் 34. முக்கால்வாசிப் பேர் 46 வயதுக்குள் போய்விட்டார்கள். இதயம் களைத்துப் போனது, பெருந்தமனி வெடித்தது, கிருமித் தொற்று, மூளையில் ரத்தக் கசிவு என்று நான்கு வழிகளில் மரணம் வந்தது. மூளை விஷயம் தற்செயல் அல்ல. இந்தக் குறுக்கம் உள்ளவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு மூளைத் தமனியில் சிறு மொட்டு போன்ற புடைப்பு இருக்கும். அதேபோல், மூன்று இதழ் இருக்க வேண்டிய பெருந்தமனி வால்வு இரண்டு இதழோடு இருப்பது இவர்களில் பாதிப் பேருக்கு மேல் காணப்படுகிறது.

இந்தக் குறுக்கம் 1760-லேயே விவரிக்கப்பட்டது. இத்தாலிய உடற்கூறியலாளர் மோர்காக்னி, இறந்துபோன ஒரு துறவியின் உடலில் பார்த்தார். கத்தி அங்கே போக இன்னும் 184 வருடம் ஆனது. 1944 அக்டோபர் 19 அன்று ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் 12 வயதுச் சிறுவனுக்குக் குறுக்கத்தை வெட்டி எடுத்து இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். சில நாட்களிலேயே அடுத்த நோயாளி. 27 வயது விவசாயி. அடுத்த ஆண்டு பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் செய்தார். ஆக, பெரியவர்களுக்கான அறுவையும் குழந்தை அறுவையும் ஒரே மாதத்தில் பிறந்தவை.

இன்று எல்லாப் பெரியவர்களுக்கும் மார்பைத் திறக்க வேண்டியதில்லை. தொடைத் தமனி வழியே கம்பி செலுத்தி, பலூனை விரித்து, உள்ளே ஸ்டென்ட் என்ற உலோக வலைக் குழாயை வைத்துக் குறுக்கத்தை அகலமாக்கும் முறை 1990-களிலிருந்து வளர்ந்து, உருவம் ஒத்துவந்தால் இப்போது முதல் தேர்வாகவே ஆகிவிட்டது. இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். வெறும் பலூன் மட்டும் போட்டால் பிற்பாடு அந்த இடம் புடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் பெரியவர்களுக்கு ஸ்டென்ட்தான் வைக்கிறார்கள். துணி போர்த்திய ஸ்டென்ட் ஒன்றையும் பக்கத்தில் தயாராக வைத்திருப்பார்கள்; விரிக்கும்போது சுவர் கிழிந்தால் அதுதான் காப்பாற்றும்.

பிறகு யாருக்கு அறுவை? வளைவே குறுகலாக இருப்பவர்கள், குறுக்கத்தை ஒட்டிப் புடைப்பு உள்ளவர்கள், தமனி கொண்டை ஊசி போல வளைந்திருப்பவர்கள், வால்வையும் சேர்த்து மாற்ற வேண்டியவர்கள், குழந்தையில் செய்த தையல் சிக்கலான விதத்தில் மறுபடி சுருங்கியவர்கள். ஸ்டென்டைவிட அறுவை பழைய முறை, அதனால் தாழ்வு என்று ஒரு எண்ணம் இருக்கிறது. சரியல்ல. கேள்வி எல்லாம் அந்தத் தமனியின் வடிவத்தைப் பற்றியது.

அறுவையில் நோயாளியை வலது பக்கமாகச் சரித்துப் படுக்க வைக்கிறார்கள். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே முதுகிலிருந்து விலாப்பக்கம் வரை வெட்டு. நான்காவது விலா இடைவெளி வழியே உள்ளே போகிறார்கள். இடது நுரையீரலுக்குக் காற்றை நிறுத்திச் சுருங்க விடுவார்கள். வலது நுரையீரல் சமாளித்துக்கொள்ளும். இதயத்தை நிறுத்த வேண்டியதில்லை, அது ஓடிக்கொண்டே இருக்கும். வலது கையில் ஒன்று, தொடையில் ஒன்று என இரண்டு இடத்தில் அழுத்தம் அளக்கும் கம்பிகள் இருக்கும். திரையில் இரண்டு கோடுகள். மேலே 160, கீழே 90.

குழந்தைக்கும் பெரியவருக்கும் உள்ள வித்தியாசம் தோலை வெட்டியதுமே தெரியும். 25, 30 வருடமாகப் பருத்த மாற்றுவழித் தமனிகள் முதுகுத் தசைக்குள் எல்லாம் ஓடுகின்றன. ஒவ்வொன்றையும் கட்டிக் கட்டித்தான் முன்னேற வேண்டும். மார்பைத் திறப்பதற்கே நேரம் ஆகும். அதைவிட ஆபத்து, குறுக்கத்துக்கு அடியில் முதுகுப் பக்கமாக வந்து சேரும் விலாத் தமனிகள். பருத்தும் சுவர் மெலிந்தும் இருப்பதால் இழுத்தால் கிழியும். பெருந்தமனிக்குப் பின்னால் கிழிந்தால் எட்டிப் பிடிப்பது கஷ்டம். குரல்வளைக்குப் போகும் நரம்பு அந்த வளைவின் கீழாகத்தான் சுற்றிப் போகிறது; அதில் கை பட்டால் குரல் கம்மிவிடும். நிணநீர்க் குழாயும் அருகில்தான்.

மேலேயும் கீழேயும் கிளாம்ப் போட்டு ரத்தத்தை நிறுத்தி, ஒடுங்கிய துண்டை வெட்டி எடுக்கிறார்கள். வெளியே கட்டைவிரல் தடிமனாகத் தெரிந்த குழாயின் உள்ளே, தோல் மடிப்பு போல ஒரு தட்டும் அதன் ஓரத்தில் குச்சி நுழையும் அளவு துளையும்தான் பல நேரம் இருக்கும். குழந்தையின் தமனி ரப்பர் போல இழுபடும். வெட்டிய இரு முனைகளையும் இழுத்து நேராகத் தைத்துவிடலாம். வயது ஏற ஏற அந்த நெகிழ்வு போய்விடுகிறது. இழுத்துத் தைத்தால் தையல் அறுத்துக்கொள்ளும். எனவே நடுவே டாக்ரான் என்ற செயற்கை இழைக் குழாயை, ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அகலத்தில், வைத்துத் தைக்கிறார்கள். பெரியவர் இனி வளரப் போவதில்லை, குழாய் சிறிதாகிவிடும் என்ற கவலை கிடையாது. ஒரு காலத்தில், வெட்டி எடுக்காமல் நீளவாக்கில் கீறி ஒட்டுப் போட்டு அகலப்படுத்தினார்கள். வருடங்கள் கழித்து ஒட்டுக்கு எதிர்ச்சுவர் புடைத்ததால் அந்த முறை செல்வாக்கு இழந்தது. வால்வையும் மாற்ற வேண்டியவர்களுக்கு வேறு வழி: நெஞ்செலும்பை முன்பக்கம் திறந்து, குறுக்கத்தைத் தொடாமலே, மேலேறும் பெருந்தமனியிலிருந்து கீழிறங்கும் பெருந்தமனிக்கு ஒரு பைபாஸ் குழாய் போட்டுவிடுவது.

கிளாம்ப் போட்டிருக்கும் நேரம்தான் எல்லோரையும் பதற வைப்பது. தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்தால் கால்கள் செயலிழக்கலாம். 1972-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பில் 12,532 அறுவைகளில் 51 பேருக்கு அப்படி ஆனது. 1,000-க்கு நாலு பேர். இங்கேதான் அந்த மாற்றுவழித் தமனிகள் கைகொடுக்கின்றன. கிளாம்ப் போட்ட பிறகும் சுற்றுவழியில் கீழே ரத்தம் போய்க்கொண்டிருக்கும். குறுக்கம் லேசாக இருந்து மாற்றுவழிகள் வளராதவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பது கேட்க விசித்திரமாக இருந்தாலும் உண்மை. கிளாம்ப் நேரத்தை 30 நிமிடத்துக்குள் முடிப்பது, உடம்பை 34 டிகிரி அளவுக்குக் குளிர விடுவது, தொடைக் கோட்டில் அழுத்தம் 50-க்குக் கீழே போனால் பம்ப் வைத்துக் கீழ்ப்பாதிக்கு ரத்தம் அனுப்புவது என்று ஏற்பாடுகள் இருக்கும்.

அறுவை முடிந்ததும் பிரஷர் சட்டென்று இறங்கும் என்று வீட்டார் எதிர்பார்ப்பார்கள். முதல் சில நாட்களில் அது முன்பைவிட ஏறுவதுதான் வழக்கம். ஐ.சி.யு.வில் ஊசி மருந்து ஓடிக்கொண்டே இருக்கும். பிறந்ததிலிருந்து மெல்லிய அழுத்தத்துக்குப் பழகிய குடல் தமனிகளில் திடீரென்று முழு வேகத்தில் ரத்தம் பாய்வதால் வயிற்றுவலியும் வரலாம். அதனால்தான் சாப்பாட்டை உடனே தொடங்குவதில்லை. "இவ்வளவு பெரிய ஆப்பரேஷன் பண்ணிட்டு பட்டினி போடுறாங்களே" என்று வார்டுக்கு வெளியே புலம்புவது இதைப் பற்றித்தான்.

எங்கே போவது என்பதில் குமரிக்காரர்களுக்குப் பெரிய குழப்பம் இல்லை. முதல் பரிசோதனைக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி. அதற்கு மேல் என்றால் பலரின் கால் களியக்காவிளை தாண்டி, நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டர் சுமாரில் இருக்கும் திருவனந்தபுரத்துக்கே போகும். 1980-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. இந்தியாவிலேயே செய்த இதய வால்வு 1990-இல் முதலில் பொருத்தப்பட்டது அங்கே. எந்த மன்னரின் பெயரால் அது அழைக்கப்படுகிறதோ, அவருடைய திருவிதாங்கூரில்தான் இந்த மண்ணும் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் பெரிய வைத்தியத்துக்கான பாதை மாறவில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் வரை தரும் முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தை நம்பியிருப்பவர்கள், போகும் மருத்துவமனையில் இந்தக் குறிப்பிட்ட அறுவைக்கு அது செல்லுமா என்று பஸ் ஏறுமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

வேலைக்குத் திரும்புவது பற்றி மருத்துவப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை, நம் ஊரில் அதுதான் முதல் கேள்வி. வெட்டு போகும் வழியில் இருப்பது முதுகின் அகலத் தசை. தூத்தூர் விசைப்படகில் வலை இழுக்கிறவருக்கும், பனையேறுகிறவருக்கும், தலைச்சுமை தூக்குகிறவருக்கும் அந்தத் தசைதான் சோறு போடுவது. எலும்பும் தசையும் ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் ஆகும். கை தூக்கும் பயிற்சியை முதல் வாரத்திலிருந்தே செய்யாவிட்டால் தோள் இறுகிவிடும். அதற்குப் பிறகும் மூச்சை அடக்கி முக்கித் தூக்குகிற வேலை, பிரஷர் கட்டுக்குள் வந்த பின்தான். கணக்கு எழுதுகிறவரும் கரைமடி இழுக்கிறவரும் ஒரே நாளில் வேலைக்குத் திரும்ப முடியாது. இதை டிஸ்சார்ஜ் நாளன்று கேட்பதைவிட, அறுவைக்குத் தேதி குறிக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மாத்திரை? பலருக்கு எண்ணிக்கை குறையும், சிலருக்கு நின்றே போகும். ஆனால் எவ்வளவு வயது கழித்துச் சரிசெய்கிறோமோ, அவ்வளவுக்குப் பிரஷர் நிலைத்துவிடும் வாய்ப்பும் அதிகம். இத்தனை ஆண்டு அதிக அழுத்தத்தில் இருந்த மேற்பாதித் தமனிகள் விறைத்துப் போயிருக்கின்றன. குறுக்கத்தை நீக்கியதால் அவை இளகுவதில்லை. ஓய்வில் 120 காட்டி, நடந்தால் 200-க்கு ஏறுகிறவர்களும் உண்டு. ஆகவே வருடம் ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பது, மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துத் தைத்த இடத்தையும் வால்வையும் பார்ப்பது ஆயுள் முழுக்க உண்டு. செயற்கைக் குழாய் வைத்தவர்கள் முதல் ஆறு மாதத்தில் பல் பிடுங்கப் போனால் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெண்கள் கர்ப்பத்துக்கு முன் ஒருமுறை இதய மருத்துவரைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வது அவசியம். சரிசெய்யாத கடுமையான குறுக்கத்தோடு கர்ப்பம் தரிப்பது தாய்க்கே ஆபத்து. சரிசெய்த பின் பெரும்பாலானவர்கள் கண்காணிப்போடு நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். பிறக்கும் குழந்தைக்கும் ஒரு எக்கோ எடுக்கச் சொல்வார்கள், ஏனென்றால் பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். உடன்பிறந்தவர்களுக்கும் வால்வு இரட்டை இதழா என்று பார்த்துவிடலாம்.